தந்தையின் கையொப்பம்: வதைக்குள்ளான குழந்தைகளின் உறுப்பு தானம் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுக்குள்ளேயே தாக்கப்பட்ட ஒரு குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறது. தலையில் விழுந்த அடியால் மூளை வீங்கிச் செயலிழந்துவிட்டது. செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியால் மார்பு ஏறி இறங்குகிறது, இதயம் துடிக்கிறது, ஆயினும் மருத்துவர்கள் மூளைச்சாவு என்று முடிவு செய்துவிட்டனர். கல்லீரல் பழுதாகி மரணத்தின் வாசலில் நிற்கும் மற்றொரு குழந்தைக்கு இக்குழந்தையின் கல்லீரல் பொருந்தக்கூடும். ஒப்புதலை யாரிடம் கேட்பது? பெற்றோரிடம் என்று ஏறத்தாழ எல்லா நாட்டுச் சட்டங்களும் கூறுகின்றன. அடித்தவரே அப்பெற்றோரில் ஒருவராக இருந்தால்?

எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்கும் கேள்விதான். எனினும் கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளின் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் இதன் ஏதேனும் ஒரு கூறை மெய்யாகவே எதிர்கொண்டிருக்கின்றன. அவை கண்ட விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. அவ்வரலாற்றை அறிவதும், நம் ஃபிக்ஹு மரபில் இதற்கு வழிகாட்டுதல் உண்டா என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துத் தலைநகரான டென்வரில் தொடங்குகிறது. நாஜிகளின் ஆட்சிக்குத் தப்பி இளவயதில் அமெரிக்கா வந்தவர் ஹென்றி கெம்பே. கொலராடோ பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவத் துறையின் தலைவராக இருந்த அவர், 1962 ஜூலையில் தம் சகாக்களுடன் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். 71 மருத்துவமனைகளிடம் விசாரித்து ஓராண்டில் வதைக்குள்ளான 302 குழந்தைகளைப் பற்றிய விவரங்களை அவர்கள் திரட்டியிருந்தனர். அவர்களுள் 33 குழந்தைகள் இறந்துவிட்டனர். 85 குழந்தைகளின் மூளை நிரந்தரமாகப் பழுதுபட்டிருந்தது. 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்ற பொருள்படும் பெயரை அவர்கள் அதற்குச் சூட்டினர்.

அதற்கு முன்பு இதை யாரும் கவனிக்கவில்லை என்று கூற முடியாது. பிரான்ஸின் தடயவியல் மருத்துவர் ஆம்ப்ருவாஸ் தார்டியூ 1860-லேயே பெற்றோரின் கையால் வதைபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர் எழுத்து புறக்கணிக்கப்பட்டது. 1946-ல் ஜான் காஃபி என்ற கதிரியக்க மருத்துவர், மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்த சில குழந்தைகளின் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். காரணம் இன்னதென்று வெளிப்படையாக அவர் கூறவில்லை. தாயும் தந்தையும் இதைச் செய்வார்களா என்ற தயக்கம் மருத்துவர்களின் கண்ணை மறைத்திருந்தது. கெம்பேயின் கட்டுரை அத்திரையை விலக்கியது. 1967-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும், வதை என ஐயம் எழுந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின.

அதே பல்கலைக்கழகத்தில் அதே காலத்தில் இன்னொரு பணியும் நடந்துகொண்டிருந்தது. கெம்பேயின் கட்டுரை வெளிவந்து எட்டே மாதங்களில், 1963 மார்ச் முதல் நாள், தாமஸ் ஸ்டார்ஸல் என்ற அறுவை மருத்துவர் உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்று அறுவையை அங்கே செய்தார். நோயாளி மூன்று வயதுக் குழந்தை. இரத்தப் பெருக்கை நிறுத்த முடியாமல் அக்குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. கல்லீரல் மாற்றம் முதன்முதலாக வெற்றி பெற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஸ்டார்ஸலின் கையால், ஒரு சிறு குழந்தைக்கே நிகழ்ந்தது.

குழந்தையின் உடலை ஒரு சாட்சியாக வாசிக்கக் கற்றுக்கொண்ட மருத்துவமும், இறந்தவரின் உடலில் இன்னொருவரின் வாழ்வைக் காணக் கற்றுக்கொண்ட மருத்துவமும் ஒரே நகரில், ஒரே நிறுவனத்தில் வளர்ந்தன. முதலாவதற்கு அவ்வுடல் தீண்டப்படாமல் இருக்க வேண்டும். இரண்டாவதற்கு அது விரைவாகத் திறக்கப்பட வேண்டும். இவை ஒருநாள் மோதிக்கொள்ளும் என்பதை அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மோதலுக்கு வழிதிறந்தது மூளைச்சாவு என்ற கருத்து. செயற்கைச் சுவாசக் கருவிகள் வந்தபின், மூளை முற்றிலும் செயலிழந்தும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நிலையை 1959-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரேயும் குலோனும் விவரித்தனர். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு, மூளை மீளமுடியாதவாறு செயலிழப்பதை மரணமாகவே கொள்ளலாம் என்று அறிவித்து அதற்கான சோதனைகளை வகுத்தது.

சிறு குழந்தைகளுக்கு மூளைச்சாவு எதனால் நேர்கிறது? சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தொற்று நோய்கள் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, பிடித்து உலுக்குவதாலும் சுவரில் மோதுவதாலும் தலையில் ஏற்படும் காயமும் ஒன்று. கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை அது சிறிய காரணமன்று. இத்தகைய மரணத்தில் சேதம் பெரும்பாலும் மண்டை ஓட்டுக்குள்ளேயே நின்றுவிடும். இதயமும் சிறுநீரகங்களும் கல்லீரலும் பழுதின்றி இருக்கக்கூடும். (எப்போதும் அல்ல. வயிற்றில் விழும் உதை கல்லீரலைக் கிழிப்பதும் உண்டு. அப்போது அக்கல்லீரலே குற்றத்தின் தடயம்.) ஆகவேதான், வதைக்குள்ளாகி இறக்கும் குழந்தை மருத்துவத்தின் பார்வையில் பிறருக்கு உயிர் அளிக்கக்கூடியவராகவும், சட்டத்தின் பார்வையில் கொலையுண்டவராகவும் ஒரே நேரத்தில் நிற்கிறார்.

நீதிமன்றங்களுக்கு முதலில் வந்தவை வயது வந்தோரின் வழக்குகள். 1973-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லந்து நகரில் ஒருவர் தலையில் சுடப்பட்டார். மூளைச்சாவுக்குப் பின் அவருடைய இதயம் எடுக்கப்பட்டு வேறொருவருக்குப் பொருத்தப்பட்டது. சுட்டவரின் வழக்கறிஞர், துடித்துக்கொண்டிருந்த இதயத்தை எடுத்த மருத்துவரே கொன்றார், தம் கட்சிக்காரர் அல்லர் என்று வாதிட்டார்! நீதிபதி அவ்வாதத்தை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-ல், சுவாசக் கருவியை மருத்துவர் நிறுத்துவது தாக்கியவரின் குற்றத்தைத் துடைத்துவிடாது என்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றமும் 1984-ல் உறுப்புகள் எடுக்கப்பட்ட வழக்கொன்றில் அதே முடிவுக்கு வந்தது.

இவ்வழக்குகள் சட்ட நூல்களில் அடிக்கடி பேசப்படுகின்றன. அதிகம் பேசப்படாத ஓர் உண்மையும் உண்டு. மூளைச்சாவைச் சட்டப்படி மரணமாக ஏற்ற தீர்ப்புகள் சில, அடிபட்ட குழந்தைகளின் கட்டிலருகேதான் பிறந்தன. 1979-ல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் மூளைச்சாவை ஏற்றது, வதைக்குள்ளான ஒரு சிறு குழந்தையின் வழக்கில். ஆம், கெம்பேயின் கொலராடோ. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உடலெங்கும் காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த, குடும்பத்தைச் சேராத ஒருவர் இழைத்த கொடுமை அது. மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டதாக மருத்துவர்கள் கூறினர். அவன் சார்பில் பேச நீதிமன்றம் ஒரு பாதுகாவலரை நியமித்தது. அக்டோபர் 17 அன்று கீழ்நீதிமன்றம் அவன் இறந்துவிட்டான் என்று அறிவித்தது; ஆனால் மேல்நீதிமன்றம் ஆராயும் வரை கருவியை நிறுத்த வேண்டாம் என்றும் கூறியது. 23-ஆம் நாள் அவனது இதயமும் நின்றுவிட்டது. இக்கேள்வி மீண்டும் எழும் என்பதால் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைக் கைவிடாமல் 1980-ல் தீர்ப்பளித்தது. இவ்விரண்டும் உறுப்பு தான வழக்குகள் அல்ல. ஆயினும் உறுப்பு தானம் எந்தச் சட்ட அடித்தளத்தின் மேல் நிற்கிறதோ அதன் சில கற்கள் இக்குழந்தைகள்.

இங்கிலாந்தில் 1992-ல் வந்த வழக்கு இன்னும் கூர்மையானது. இரண்டு வயது நிரம்பாத குழந்தை. காயங்கள் தற்செயலானவை அல்ல என்ற ஐயம். மூளைத்தண்டு செயலிழந்துவிட்டதாகச் சோதனைகள் காட்டின. பெற்றோரோ கருவியை நிறுத்த இணங்கவில்லை. இறந்துவிட்ட குழந்தையின் மீது நீதிமன்றத்தின் பாதுகாவல் அதிகாரம் செல்லாது, கருவியை நிறுத்துவது சட்டத்துக்கு முரணன்று என்று நீதிபதி முடிவு செய்தார்.

பெற்றோரின் மறுப்பில் ஒரு சிக்கல் மறைந்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழந்தை உயிரோடிருக்கும் வரை வழக்கு தாக்குதல் வழக்கு; இறந்துவிட்டால் கொலை வழக்கு. கருவியை நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சும் தந்தையின் குரலில் இருப்பது பாசமா, தன்னைக் காத்துக்கொள்ளும் அச்சமா? அவருக்கே தெரியாமல் இரண்டும் கலந்திருக்கவும் கூடும். இதற்கு நேர்மாறானதும் நிகழலாம்: ஐயத்துக்குள்ளானவர் தயக்கமின்றித் தானத்துக்கு இசைந்து, தம்மைத் தியாகியாகக் காட்டிக்கொள்ள முனையலாம். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவருடைய சொல்லில் அவருடைய நலன் கலந்துவிடுகிறது. ஒருவரின் சார்பில் பேசுபவருக்கு இருக்கவேண்டிய முதல் தகுதி, அவருடைய நலனுக்கு எதிரான நலன் தமக்கு இல்லாதிருப்பது. அத்தகுதி இங்கே இல்லை.

அமெரிக்காவில் 1980-களிலும் 90-களிலும் சர்ச்சை எழுந்தது ஒப்புதலைப் பற்றி அன்று, தடயத்தைப் பற்றி. கொலை என்று ஐயம் எழும் எந்த உடலும் மரண விசாரணை அதிகாரியின் பொறுப்பில் வரும். அவர் மறுத்தால் குடும்பம் இசைந்தாலும் உறுப்புகளை எடுக்க முடியாது. வதைக்குள்ளான குழந்தைகளின் விஷயத்தில் இம்மறுப்பு மிகுதியாக இருந்தது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், எடுக்கப்பட்ட கல்லீரலில் கிழிசல் இருந்ததா என்று கேட்டால் என்ன விடை கூறுவது என்பது அவர்களின் அச்சம். அவ்வச்சத்தைக் குறை கூற முடியாது. பேச முடியாத குழந்தைக்கு உடலைத் தவிர வேறு சாட்சி இல்லை. உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தையிடம் கேள்வி கேட்கப்படும் என்று சூரத்துத் தக்வீர் நமக்கு நினைவூட்டுகிறது. வாய்திறக்க வாய்ப்பே இல்லாத சாட்சியின் சொல்லுக்கு மறுமையில் எத்தகைய இடம் உண்டு என்பதை அதிலிருந்து உணரலாம். இம்மையில் அந்தச் சாட்சியத்தைச் சிதைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை நீதியின் எச்சரிக்கையே.

மறுபுறம், இம்மறுப்புகளால் எத்தனை உறுப்புகள் இழக்கப்படுகின்றன என்பதைக் கணக்கிட்ட ஆய்வொன்று 1994-ல் வெளிவந்தது; விவாதம் சூடுபிடித்தது. டெக்சாஸ் மாநிலம் ஒரு நடுவழியைச் சட்டமாக்கியது. உறுப்பை எடுக்கக் கூடாது என்று மறுக்க எண்ணும் அதிகாரி, அறுவைக்கூடத்துக்கு நேரில் வந்து உறுப்பைப் பார்த்தபின்னரே மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேறு சில மாநிலங்களும் இவ்வழியில் சென்றன. 2006-ல் திருத்தப்பட்ட அமெரிக்காவின் ஒருமித்த உறுப்பு தானச் சட்ட மாதிரியும் இவ்வதிகாரிகள் தானத்துக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நடைமுறையும் சீரானது. அறுவைக்கு முன்பே எலும்புகள் முழுவதும் கதிர்ப்படம் எடுக்கப்படும். விழித்திரையின் இரத்தக் கசிவு பதிவு செய்யப்படும். வயிற்றையும் மார்பையும் திறக்கும்போது தடயவியல் மருத்துவர் உடனிருந்து புகைப்படம் எடுப்பார். ஐயமுள்ள உறுப்பு தொடப்படாது. உலுக்கப்பட்ட குழந்தையின் கண்கள் முக்கியத் தடயம் என்பதால் அவற்றை விட்டுவிட்டு இதயத்தையும் சிறுநீரகத்தையும் எடுக்க அனுமதிப்பதும் உண்டு. மூளையும் மண்டை ஓடும் உடற்கூறாய்வுக்கு அப்படியே எஞ்சியிருக்கும். அறிவும் ஒழுங்கும் இருந்தால் நீதியும் தானமும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை என்று அமெரிக்க அனுபவம் காட்டியது. ஆனால் ஒப்புதல் அளிக்கும் உரிமை பொதுவாகப் பெற்றோரிடமே இருந்தது. தடயத்தைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்த சமூகம், கையொப்பத்தைப் பற்றி அதே அளவு சிந்திக்கவில்லை என்றே தோன்றுகிறது.

கையொப்பத்தைப் பற்றிச் சிந்தித்த நாடு ஜப்பான். அது கண்ட விடை முற்றிலும் வேறு.

ஜப்பானின் தயக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1968 ஆகஸ்டில் சப்போரோ நகரில் வாடா ஜூரோ என்ற மருத்துவர், நீரில் மூழ்கிய 21 வயது மாணவரின் இதயத்தை 18 வயது இளைஞருக்குப் பொருத்தினார். பெற்றவர் 83 நாட்கள் வாழ்ந்தார். கொடுத்தவர் மெய்யாகவே இறந்திருந்தாரா, பெற்றவருக்கு அந்த அறுவை தேவைதானா என்ற கேள்விகள் எழுந்து, மருத்துவர் மீது கொலைப் புகார் வரை சென்றது. வழக்குத் தொடரப்படவில்லை, ஆனால் மக்களின் நம்பிக்கை உடைந்தது. 1997-ல்தான் மூளைச்சாவடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்கச் சட்டம் பிறந்தது. அதுவும் இறந்தவர் வாழ்நாளில் எழுதிவைத்திருக்க வேண்டும், 15 வயதுக்குக் குறைந்தவரின் எழுத்து செல்லாது என்ற கட்டுப்பாட்டுடன். விளைவு, இதயம் தேவைப்பட்ட ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தம் நாட்டில் வழியில்லை. பெற்றோர் தெருவில் நின்று நிதி திரட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். 2008-ல் வெளியான இஸ்தான்புல் பிரகடனம், ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்கான உறுப்பைத் தன்னிடமிருந்தே பெற முயல வேண்டும் என்று வலியுறுத்தியதும் அவ்வழி அடைபடும் நிலை வந்தது.

2009-ல் ஜப்பானிய நாடாளுமன்றம் நான்கு மாற்று மசோதாக்களை விவாதித்தது. பெரும்பாலான கட்சிகள் தம் உறுப்பினரை மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டன. ஜூலை 13-ல் மேலவை நிறைவேற்றிய திருத்தத்தின்படி, இறந்தவர் மறுத்திராவிட்டால் குடும்பத்தின் எழுத்து ஒப்புதலே போதும். குழந்தைகளும் கொடையாளர் ஆகலாம். ஆனால் அதே சட்டத்தின் துணைவிதி ஒன்று, வதைக்குள்ளாகி இறந்த 18 வயதுக்குட்பட்டோரின் உறுப்புகள் எடுக்கப்படாதவாறு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. 2010 ஜூலையில் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, குழந்தைக் கொடையாளரை ஏற்கும் மருத்துவமனைகள் வதையைக் கண்டறியும் குழுவும் நடைமுறையும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் 15 வயதுக்குக் குறைந்த முதல் கொடையாளரும், 2012 ஜூனில் தோயாமா நகரில் ஆறு வயதுக்குக் குறைந்த முதல் கொடையாளரும் பதிவாயினர்.

குழந்தைக்குச் சொந்த விருப்பத்தை அறிவிக்கும் வாய்ப்பு இல்லை. குடும்பத்தின் சொல்லே அதன் சொல்லாகக் கொள்ளப்படுகிறது. குழந்தையை வதைத்த குடும்பத்துக்கு அந்த இடத்தில் நிற்க அருகதை இல்லை. ஜப்பானிய விதியின் தர்க்கத்தை நான் இவ்வாறே புரிந்துகொள்கிறேன். அறுவைக்கூடம் குற்றத்தின் தடயத்தை அழிக்கும் இடமாகிவிடக் கூடாது என்ற கவலையும் அதிலுண்டு. உயர்ந்த நோக்கம்தான். நடைமுறையில் அது மருத்துவர்களின் தலையில் பெரும் சுமையை ஏற்றியது. வதை நடந்தது என்று நிரூபிக்கலாம். நடக்கவேயில்லை என்று எவ்வாறு நிரூபிப்பது? வீட்டுக்குள் வேறு சாட்சியின்றி மாடிப்படியில் விழுந்த குழந்தையின் பெற்றோர், மகளை இழந்த துயரத்தின் நடுவே, ஐயத்துக்குரியவர்களாகவும் நிற்க நேர்ந்தது. தானம் செய்ய மனமுவந்து முன்வந்தவர்களுக்கு அது எத்தகைய அவமானம்!

என் கருத்தில், ஜப்பான் சரியான காரணத்தைக் கண்டு, தேவைக்கு மேற்பட்ட முடிவை எடுத்தது. தந்தையின் சொல் செல்லாது என்பது ஒன்று. அக்குழந்தையின் சார்பில் வேறெவரும் பேசக்கூடாது என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவது பிறப்பதில்லை. அன்பையே அறியாத குழந்தை பிறருக்குள் வாழட்டும் என்று உருக்கமாகப் பேசுவோரையும் நான் ஏற்க மாட்டேன். அக்குழந்தையிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அதன் மரணத்தை அழகுபடுத்தும் உரிமை நமக்கில்லை. கேள்வி எளியது: தந்தை தகுதியிழந்தால் அவருடைய இடத்துக்கு யார் வருவார்?

இங்கேதான் நம் மரபின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவான நிகழ்ச்சி அது. பனூ முத்லிஜ் கோத்திரத்தைச் சேர்ந்த கதாதா என்பவர் தம் மகன் மீது வாளை எறிந்தார். அது காலில் பாய்ந்து, இரத்தம் நிற்காமல் மகன் இறந்தார். அதே கோத்திரத்தின் சுராக்கா (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களைத் துரத்திச் சென்று பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அதே சுராக்கா, கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்து செய்தியைக் கூறினார். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள குதைத் என்னும் நீர்நிலையில் 120 ஒட்டகங்களைத் தயாராக வைக்குமாறு உமர் (ரலி) பணித்தார்கள். அங்கே வந்து அவற்றிலிருந்து நூறு ஒட்டகங்களை உயிரீட்டுத் தொகையாகப் பிரித்தெடுத்தார்கள். பின்னர், கொல்லப்பட்டவரின் சகோதரர் எங்கே என்று கேட்டார்கள். முன்வந்த சகோதரரிடம் அவை அனைத்தையும் ஒப்படைத்தார்கள். கொன்றவருக்கு எதுவும் இல்லை என்ற நபிமொழியையே அதற்குக் காரணமாகக் கூறினார்கள்.

தந்தை உயிரோடு இருக்கிறார். வழக்கமான வாரிசுரிமைப்படி தந்தை இருக்கையில் சகோதரருக்கு ஒன்றும் சேராது. ஆயினும் உமர் (ரலி) அவர்கள் உயிரீட்டுத் தொகையைக் கைவிடவும் இல்லை. தந்தையிடம் கொடுக்கவும் இல்லை. தந்தை அங்கே இல்லாதவரைப் போலக் கருதப்பட்டு, அடுத்தவர் அழைக்கப்பட்டார். பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதை விரிவாக வகுத்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் எவ்வகைக் கொலையும் வாரிசுரிமையைத் தடுக்கும். ஹனஃபி மத்ஹபில் புத்தி சுவாதீனமுள்ள, வயது வந்தவர் நேரடியாகச் செய்த கொலை தடுக்கும். தமிழகத்து முஸ்லிம்கள் இவ்விரு மத்ஹபுகளையே பெரிதும் பின்பற்றுவோர். அத்தடைக்கு ஆளானவர் மற்ற வாரிசுகளைத் தடுக்க மாட்டார் என்பதும், தந்தை விலக்கப்பட்டால் பாட்டனார் முன்னுக்கு வருவார் என்பதும் பாகப்பிரிவினை இயலைக் கற்றவர்கள் அறிந்தவையே.

இதை உறுப்பு தானத்துடன் இணைக்க முடியுமா? 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மூளையின் எல்லாச் செயல்களும் மீளமுடியாதவாறு நின்றுவிட்டதாக வல்லுநர்கள் உறுதி செய்தால் மரணமாகக் கொள்ளலாம் என்றது. மக்காவில் 1987-ல் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் அதை முழுமையாக ஏற்கவில்லை. கருவியை அகற்றலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்றபின்னரே மரணத்தின் சட்டங்கள் பொருந்தும் என்றது. அதே அமர்வில், குற்றத்தை விசாரிப்பதற்காக உடற்கூறாய்வு செய்வது அனுமதிக்கப்பட்டதே என்றும் முடிவாயிற்று. 1988-ல் ஜித்தாவில் ஃபிக்ஹு அகாடமி உறுப்பு மாற்றம் குறித்து முடிவெடுத்தபோது, இறந்தவரின் உறுப்பை எடுக்க அவர் தம் வாழ்நாளில் அனுமதித்திருக்க வேண்டும், அல்லது அவர் இறந்தபின் அவருடைய வாரிசுகள் அனுமதிக்க வேண்டும், ஆள் இன்னாரென்று தெரியாவிட்டாலோ வாரிசு இல்லாவிட்டாலோ முஸ்லிம்களின் ஆட்சிப் பொறுப்பாளர் அனுமதிக்க வேண்டும் என்று வரையறுத்தது.

அத்தீர்மானம் பெற்றோர் என்று கூறவில்லை. வாரிசுகள் என்று கூறியது. கொன்றவர் வாரிசு அல்லர் என்றால், அனுமதிப்போர் பட்டியலில் அவர் இல்லை என்பதே அதிலிருந்து எழும் பொருள். அடுத்த வாரிசும், எவருமில்லையெனில் ஆட்சிப் பொறுப்பாளரும் பேசுவர். இது அடியேனின் புரிதல், ஃபத்வா அன்று. இதில் ஒரு தடையும் உண்டு. வாரிசுரிமை பறிபோக, கொலை நிரூபணமாக வேண்டும். மருத்துவமனையில் இருப்பதோ சில மணி நேரம். கையில் இருப்பதோ ஐயம் மட்டுமே. நிரபராதியான தந்தையின் உரிமையை ஒரு மருத்துவரின் ஐயத்தால் பறிப்பதும் அநீதியே. ஆகவே உரிமையைப் பறிப்பதாக அல்லாமல், அந்த ஒரு முடிவில் மட்டும் அவரை ஒதுங்கி நிற்கச் செய்வதாக இதை அமைக்கலாம். தாய் பேசட்டும் என்று உடனே கூறிவிடவும் முடியாது. அதே கையால் அடிவாங்கி, அதே மனிதருக்கு அஞ்சி நிற்பவராக அவரும் இருக்கலாம்.

இறந்தவரின் உறுப்பை எடுப்பதே கூடாது என்று கருதும் ஆலிம்கள் நம் துணைக்கண்டத்தில் பலர். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அக்கருத்தை விரிவாக எழுதியவர்களுள் முதன்மையானவர். மய்யித்தின் கண்ணியம் அவர்களின் அடிப்படை. அவர்களின் நிலைப்பாட்டில் ஒப்புதலைப் பற்றிய கேள்விக்கு இடமில்லை. எனினும், நம் வீட்டுக் குழந்தை ஒன்று அத்தகைய மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தால், படிவத்தை நீட்டுபவர் எந்த மத்ஹபு என்று கேட்கப்போவதில்லை. நாட்டின் சட்டத்தின்படியே கேட்பார்.

இந்தியாவின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டது. அதன் ஆறாம் பிரிவு, விபத்தாலோ இயற்கைக்கு மாறான காரணத்தாலோ இறந்தவரின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு உரியதாக இருந்தாலும், அப்பரிசோதனைக்குத் தேவைப்படாத உறுப்பை எடுக்க வழி தருகிறது. தடயத்தைப் பற்றிய கவலை அங்கே இருக்கிறது. ஒப்புதலைப் பற்றிய விதி மூன்றாம் பிரிவின் ஏழாம் உட்பிரிவில் உள்ளது: 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மூளைத்தண்டுச் சாவு உறுதியானால், பெற்றோரில் எவரேனும் ஒருவர் அனுமதி அளிக்கலாம். எவரேனும் ஒருவர். மற்றவரின் இசைவு வேண்டும் என்றோ, அம்மரணத்துக்குக் காரணமானவர் என ஐயத்துக்குள்ளானவர் விலக்கப்படுவார் என்றோ அவ்வுட்பிரிவில் இல்லை. 2011-ல் சட்டம் திருத்தப்பட்டபோது 'நெருங்கிய உறவினர்' என்பதன் வரையறைக்குள் பாட்டனாரும் பாட்டியும் சேர்க்கப்பட்டனர். உயிரோடிருக்கும் பேரனுக்குத் தம் சிறுநீரகத்தை அவர்கள் கொடுக்கலாம். அடிபட்டு இறந்த பேரனுக்காகப் பேசும் இடத்தை அந்தத் திருத்தம் அவர்களுக்குத் தரவில்லை.